இரண்டாவது ஜாக்கெட்

அவள் கடைப்படி ஏறாமல் கீழேயே நின்றாள். சுருட்டிய பஸ் டிக்கெட் இன்னும் விரலிடுக்கில் இருந்தது. கடைக்குள் ஆணியில் மாட்டியிருந்த பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அளவு ஜாக்கெட்டு ஒண்ணு இங்க கெடக்குதாம்க்கா. மாம்பழக் கலரு. வாங்கிட்டுப் போலாம்னு கடலூர்லேர்ந்து வந்தேன்."

மழை விட்ட காலை. சிதம்பரம் மேலவீதிக்குப் பின்னால் இருக்கிற எங்கள் சந்தில் தண்ணீர் வடிந்தும் வடியாமலும் கிடந்தது. மிஷினுக்கு அப்போதுதான் எண்ணெய் விட்டிருந்தேன், விரலெல்லாம் அந்த வாடை.

அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆனால் அவள் தோள் அகலம் எனக்குத் தெரியும். இடுப்புச் சுற்று தெரியும். இடது தோள் வலது தோளைவிடக் கால் இஞ்ச் இறங்கியிருக்கும் என்பதும் தெரியும். வெயில் பக்கம் திரும்பியபோது பார்த்தேன், இறங்கித்தான் இருந்தது.

அவள் இடுப்பை எங்கள் ஊரில் பாதிப் பேர் போனில் பார்த்திருந்தார்கள். அது அவளுடையது என்றுதான் யாருக்கும் தெரியாது. அதனால் இன்னொரு பெண்ணின் பிழைப்பு போய்க்கொண்டிருந்தது. அதில் என் கையும் இருந்தது.

எதையும் நம்பாதவள்

நான் லேசில் எதையும் நம்புகிறவள் இல்லை. பலாப்பழக்காரர் "காடாம்புலியூர் பழம்மா" என்றால், யார் தோப்பு, எப்போது வெட்டியது என்று கேட்டுவிட்டுத்தான் சுளையை வாயில் போடுவேன். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம்கூட, எத்தனை நாளாக இந்த எண்ணம் என்று விசாரித்திருக்கிறேன்.

"பால்ல ஈ வுழுந்து கெடந்தா எல்லாரும் ஈய எடுத்துப் போடுவாங்க. இவ யாரு தள்ளிவுட்டதுன்னு கேப்பா" என்பார் எங்கள் வீட்டுக்காரர். சொந்தக்காரர்கள் வந்தால் தவறாமல் சொல்வார். அவர்களும் தவறாமல் சிரிப்பார்கள்.

இந்தப் புத்தி எனக்குத் தையலில்தான் வந்தது. சேத்தியாத்தோப்பில் கல்யாணமாகாத பெண்ணாக மிஷினில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒன்றைக் கவனித்துவருகிறேன். வாயால் சொல்லும் அளவை யாரும் சரியாகச் சொல்வதில்லை. "போன தடவை தைச்சதேதான், ஒரு மாத்தமும் இல்ல" என்பார்கள். டேப்பைப் போட்டால் இரண்டு இஞ்ச் கூடியிருக்கும். ஆளை நம்பாதே, டேப்பை நம்பு என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரே ராத்திரியில் மயில் தோகை தைத்ததை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர், "எல்லோரையும் சந்தேகப்படுகிற நீங்கள் உங்களை எப்போதாவது சந்தேகப்பட்டது உண்டா?" என்று கேட்டிருந்தார். குறும்புக்காரர். இந்த வாரம் அவருக்காகத்தான்.

காமிரா ஏறுகிற வழி

கேபிள் டிவி வந்த புதிதில் பெண்கள் பாட்டைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வருவார்கள். "அந்தப் பாட்டுல கொளத்துப் படியில எறங்குறப்ப போட்டிருக்குமே, அந்தக் கழுத்து." சரி, நாமும் பார்ப்போம் என்று நானும் பாட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். தையலைப் பார்ப்பதற்காகத்தான் பார்த்தேன். பார்க்கப் பார்க்க வேறு ஒன்று தெரிந்தது.

ஆம்பிளை வந்தால் காமிரா முகத்தில் தொடங்கும். பொம்பிளை வந்தால் காலில் தொடங்கும். கொலுசு, கெண்டைக்கால், இடுப்பு, முதுகு என்று ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் முகத்துக்கு வந்து சேரும். அதற்குள் அவன் இரண்டு வரி பாடி முடித்திருப்பான்.

இதை ஒரு நாள் சாப்பிடும்போது எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பாட்டு நல்லாருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பாட்டுப் பார்க்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் மூஞ்சி வரல, இன்னும் வரல" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

இப்படிப்பட்ட நான்தான் ஏமாந்தேன்.

டைரக்டர் தம்பி

எங்கள் ஊரில் கயல்விழி என்று ஒரு பெண் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறாள். இன்னும் முப்பது ஆகவில்லை. வடக்குவீதிப் பக்கம் ஒரு மாடிக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, ஒற்றை ஆளாக எட்டு வருடமாக நடத்துகிறாள். அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் நாட்டிய உடை தைப்பது நான்.

ஒரு நாள் அவளோடு கடலூர்ப் பையன் ஒருவன் வந்தான். தாடி, தோளில் பை, காலில் ஹவாய் செருப்பு. ஆல்பம் பாட்டு எடுக்கிறானாம். சினிமா இல்லை, நேரே யூடியூபில் வருவது. கிராமத்துப் பாட்டு, நாட்டியம் தெரிந்த பெண் ஆட வேண்டும், கடற்கரையில் எடுக்கப்போகிறோம் என்றான்.

நான் விடுவேனா? யார் கூட வருவார்கள், உடை எங்கே மாற்றுவது, புடவை எவ்வளவு இறக்கம் என்று நிற்க வைத்துக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான்.

"கண்ணியமா இருக்கும்க்கா. எங்க அம்மாவுக்கே போட்டுக் காட்டுற மாதிரி."

கயல்விழி அரக்கு நிறத்தில் ஜாக்கெட் கேட்டாள். கழுத்து ஏறியிருக்க வேண்டும், கை தூக்கினால் ஜாக்கெட் மேலே ஏறக் கூடாது. நாட்டியக்காரிகளுக்கு அதற்காகவே கக்கத்தில் ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைப்பேன். அந்தத் துண்டு இருந்தால் கையை எவ்வளவு தூக்கினாலும் ஜாக்கெட் இருந்த இடத்தில் இருக்கும். நாட்டிய உடை தைக்கிற யாரைக் கேட்டாலும் அதுதான் முதல் பாடம் என்பார்கள்.

கிளம்பும்போது அந்தத் தம்பி என் கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்தான். "பாட்டோட கடைசியில உங்க பேரப் போடறோம்க்கா. காஸ்ட்யூம், வசந்தா."

அவ்வளவுதான். ஊரையே டேப் போட்டு அளக்கிறவள் அந்த ஒரு வரியில் குளிர்ந்துபோனேன்.

பத்து நாள் கழித்து அவன் மட்டும் வந்தான். கையில் மாம்பழக் கலரில் ஒரு பழைய ஜாக்கெட். "அதே துணியில இன்னொண்ணுக்கா. இது அளவு. கழுத்து எறக்கி, நீளம் ரெண்டு இஞ்சு கொறைச்சு. கக்கத்துல அந்தத் துண்டு வேணாம். ஷூட்டிங்ல கிழிஞ்சுட்டா ஸ்பேரு."

ஸ்பேர் என்றால் அதே அளவில்தானே இருக்க வேண்டும்? இது யாருடைய அளவு? துண்டு ஏன் வேண்டாம்? பலாப்பழத்துக்குக் கேட்கிற கேள்வியை அன்று நான் கேட்கவில்லை. தைத்துக் கொடுத்தேன். நோட்டில் கயல்விழி பக்கத்திலேயே, 'இரண்டாவது' என்று எழுதி அந்த அளவைக் குறித்து வைத்தேன். அளவு ஜாக்கெட் ஆணியிலேயே தங்கிவிட்டது.

நான் சொன்ன ஒரு வார்த்தை

பாட்டு வந்தது. எடுத்த எடுப்பில் கடல். அப்புறம் இடுப்பு. தண்ணீர் சொட்டச் சொட்ட அது சுழன்றுகொண்டே இருக்கிறது. வெகுநேரம் கழித்துத்தான் முகம். கயல்விழியின் முகம், கயல்விழியின் கண். பிறகு மறுபடியும் இடுப்பு.

இரண்டே நாளில் அது பெற்றோர் வாட்ஸப் குரூப்புக்குள் வந்துவிட்டது. கோயில் ஊரில் பரதம் சொல்லித் தருகிறவள் இப்படியா என்று கேட்டார்கள். ஒரு வாரத்தில் வகுப்பு பாதியாகக் குறைந்தது. கூடத்துக்காரர், "மாடிய வேற ஆளு கேக்குறாங்கம்மா" என்று இழுத்துப் பேச ஆரம்பித்தார்.

பாட்டைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். கயல்விழி மேல்தான் கோபம் வந்தது. என்னிடம் மூடித் தைக்கச் சொல்லிவிட்டு அங்கே போய் இறக்கிக்கொண்டாளே என்று நினைத்தேன். நானே கழுத்து இறக்கித் தைத்துக் கொடுத்த இரண்டாவது ஜாக்கெட் அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை. முதல் தடவை கடைசி வரை பார்த்தது, என் பேர் வருகிறதா என்பதற்காக. வந்தது, கண் மூடித் திறப்பதற்குள் போனது.

அடுத்த நாள் ஒரு பிள்ளையின் அம்மா கடைக்கு வந்து, "நீங்க தச்சதுதானே அது?" என்றார்.

"அந்தக் கழுத்து நான் வெக்கலிங்க. நான் குடுத்தது ஏத்துன கழுத்துதான்" என்றேன்.

என் தையலைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது. சாயங்காலத்துக்குள் அது, "டெய்லரே சொல்லிட்டாங்க, அந்தப் பொண்ணுதான் மாத்திக்கிச்சாம்" என்று ஊர் சுற்றி வந்தது. ஊர் வாய்க்கு அவல் போட்டவள் நான்தான்.

கக்கத்துத் துண்டு

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், வீட்டுக்காரரின் போனை வாங்கி அந்தப் பாட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இந்தத் தடவை டெய்லராகப் பார்த்தேன்.

முகம் வருகிற இடத்தில் கை மேலே போகிறது, ஜாக்கெட் அசையவில்லை. கக்கத்தில் என் துண்டு இருக்கிறது. இடுப்பு வருகிற இடத்தில் கை மேலே போகிறது, ஜாக்கெட்டும் கூடவே ஏறுகிறது. துண்டு இல்லை. தோள்கூட வேறு. இடது பக்கம் இறங்கியிருக்கிறது.

அவை இரண்டு ஜாக்கெட், இரண்டு பெண்கள். இரண்டு ஜாக்கெட்டையும் தைத்தவள் நான்.

டைரக்டர் தம்பிக்குப் போன் போட்டேன். அவனுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

"எடிட்டிங்ல அதெல்லாம் சகஜம்க்கா. அவுங்க அந்த ஸ்டெப்பு ஆட மாட்டேன்னாங்க, வேற ஒருத்தவங்கள வெச்சு எடுத்தோம். பாட்டுல ஒரே ஹீரோயின்தானே வரணும்? உங்க பேரு வந்துச்சே, பாக்கலியா?"

போனை வைத்துவிட்டேன்.

"அளந்து காட்ட மாட்டேன்"

அளவு நோட்டை மடியில் கட்டாத குறையாக எடுத்துக்கொண்டு கயல்விழியின் கூடத்துக்கு ஓடினேன். அவள் தனியாகத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன், என் வாயிலிருந்து வந்த வார்த்தையையும் சேர்த்து. அதைக் கேட்டதும் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. எல்லாரும் எங்கிட்ட சொல்லிட்டாங்க."

"தப்புதாம்மா. அதுக்குத்தான் நோட்ட எடுத்தாந்துருக்கேன். எல்லா அம்மாமாரையும் கூப்புடு. ரெண்டு அளவும் இதுல இருக்குது. இது உன் இடுப்பு இல்லன்னு நான் காட்டுறேன்."

அவள் நோட்டைத் தொடவே இல்லை.

"என் இடுப்பு எத்தினி இஞ்சுன்னு அவுங்க எல்லாத்துக்கும் படிச்சுக் காட்டுவீங்களா? அளந்து காட்டித்தான் நான் நல்லவன்னு சொல்லணும்னா, அந்தக் கிளாஸே எனக்கு வேணாம்க்கா."

"பொழப்பு போவுதேம்மா."

"போவுதுதான். அழுதுட்டுதான் பெருக்குறேன்." உண்மையிலேயே கண் சிவந்திருந்தது. "ஒண்ணு கேக்குறேன். அது என் இடுப்பாவே இருந்தா நீங்க இந்த நோட்ட எடுத்தாந்துருப்பீங்களா?"

நோட்டை மூடிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

மாம்பழக் கலர்

அதற்கு மறு வாரம்தான் அவள் வந்து படிக்குக் கீழே நின்றது. பேர் அஞ்சலை. கடலூர் முதுநகர்ப் பக்கம். திருவிழாக்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சி நடத்துகிற ஒரு செட்டில் ஆடுகிறவள். முப்பத்தைந்து இருக்கும்.

என் புத்தி உடனே வேலை செய்தது. அந்தப் பையன் வேவு பார்க்க அனுப்பியிருப்பானோ? ஒரு பழைய ஜாக்கெட்டுக்காக இவ்வளவு தூரம் யாராவது பஸ் ஏறுவார்களா?

"இதுக்குன்னே வந்தியா?" என்றேன், ஜாக்கெட்டைக் கையில் கொடுக்காமல்.

"இதுக்குந்தான். எனக்கு இந்த அளவுதான் சரியா இருக்கும். இத வெச்சுத்தான் எல்லாம் தைக்கக் குடுப்பேன்." பஸ் டிக்கெட்டை இன்னும் இறுகச் சுருட்டினாள். "இன்னொண்ணும் இருக்குதுக்கா. அந்தச் செவப்பு ஜாக்கெட்டத் தச்சது நீங்கதானாமே. அப்ப உங்களுக்குத் தெரியுந்தானே, அது நான்னு?"

"தெரியும்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். படியேறி உள்ளே வந்து, கேட்காமலே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

"எம் மூஞ்சியும் வரும்னுதான் சொன்னாங்க. விடிகாலையில கடல்ல எறக்கி, வெயில் ஏர்ற வரைக்கும் ஆடுனேன். பாட்டு வந்ததும் எம் பொண்ணக் கூப்புட்டு ஒக்கார வெச்சுப் போட்டேன். பாத்துட்டு, 'நீ எங்கம்மா?'ன்னு கேக்குது. இதான் நான்னு காட்டுனா சிரிக்குது. எங்க செட்டுலயும் ஒருத்தரும் நம்பல. அத்தினியும் நான் ஆடுனதுக்கா. மூஞ்சி மட்டும் வேற ஒருத்தவங்கது."

நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இங்கே ஒருத்தி, அது நான் இல்லை என்று சொல்ல வாய் கூசி வகுப்பை இழந்துகொண்டிருக்கிறாள். இன்னொருத்தி, அது நான்தான் என்று ஒரே ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் என்று பஸ் ஏறி வந்திருக்கிறாள். கடையை அப்படியே பூட்டிக்கொண்டு அவளைக் கயல்விழியிடம் கூட்டிப் போனேன்.

சண்டை வரும் என்று பயந்துகொண்டேதான் மாடி ஏறினேன். விஷயத்தைச் சொன்னதும் கயல்விழி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டாவது சரணத்துல ஒரு சுத்து வருமே, மண்ணுல முட்டி படாம. அது நீங்களா?"

"ஆமாங்க."

"என்னால அது முடியாதுக்கா. பாட்டப் பாத்துட்டு நானும் செஞ்சு பாத்தேன், வுழுந்துட்டேன்."

அஞ்சலை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு இருவரும் கால் வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் அங்கே இருப்பதையே மறந்துபோனார்கள்.

யோசனை கயல்விழியுடையது. நோட்டும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். அதே பாட்டுக்கு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று முழுதாக ஆடுவது. அதைப் போனில் எடுத்து எல்லோரும் பார்க்கப் போடுவது. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

என்னிடம் காட்டுவதற்கென்று அந்த இரண்டாவது அரக்கு ஜாக்கெட்டையும் அஞ்சலை பையில் எடுத்து வந்திருந்தாள். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். கயல்விழி போனை என் கையில் கொடுத்தாள்.

"தலையிலேர்ந்து கால் வரைக்கும் ரெண்டு பேரும் தெரியணும்க்கா. அவ்வளவுதான்."

முதலில் எடுத்தது

அந்த வீடியோவால் ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நின்றுபோன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. என்னிடம் கழுத்தைப் பற்றிக் கேட்ட அதே அம்மா, "அது இந்தப் பொண்ணா இல்லாட்டியும், அந்த மாதிரி ஆளோட சேந்து ஏன் ஆடணும்?" என்றார். கூடத்துக்காரர் மட்டும் மாடியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். வகுப்பு நடக்கிறது, முன்பைவிடச் சின்னதாக. அஞ்சலையின் மகள் அந்த வீடியோவைத் தன் போனில் வைத்திருக்கிறாளாம்.

ஆனால் எல்லோரும் பார்த்தது இரண்டாவது தடவை எடுத்தது. முதல் தடவை எடுத்ததைப் பற்றி நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

பாட்டு முடிந்ததும் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, ஆளுக்கொரு பக்கம் என் தோளில் சாய்ந்து போனைப் பார்த்தார்கள். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தலை, நான்கு கால், பின்னால் சலங்கை மாட்டிய சுவர். முதல் சரணத்தில் அஞ்சலை கையைத் தூக்கினாள். ஜாக்கெட் ஏறியது.

அங்கேயிருந்து படம் மெல்லக் கீழே இறங்கியது. அவள் கக்கத்துக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. கயல்விழி பாதி வெளியே போய்விட்டாள். மண்ணில் முட்டி படாத அந்தச் சுற்று வந்தபோது, போனில் ஒரு இடுப்பு மட்டும் சுற்றியது.

எனக்கு எதுவும் தெரியாமல்தான் நடந்தது. அந்தத் துண்டை வைத்துத் தைத்திருக்க வேண்டும், எங்கே பிரித்தால் இப்போது வைக்கலாம் என்று தையலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் போன இடத்துக்குக் கையும் போயிருக்கிறது. அந்த டைரக்டர் தம்பியைக் கேட்டாலும், தன் வேலையைத்தான் பார்த்ததாகச் சொல்வான்.

அஞ்சலை போனுக்குப் பக்கத்தில் குனிந்து, கடைசி வரை பொறுமையாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமில்லை. பழகிப்போன முகம்.

"நான் மறுபடி ஆடுறேன்க்கா. இந்த வாட்டி ஜாக்கெட்டப் பாக்காதீங்க. என்னப் பாருங்க."